கார் போர்ச் தளம்: சதுர அடிக் கணக்கை நம்பலாமா?

தாமான்வாசி, சுங்கை சிப்புட்

வணக்கம். வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடம் 20 அடி நீளம், 12 அடி அகலம். இப்போது வெறும் மண்ணும் உடைந்த பழைய சிமிந்தியும்தான், அங்கே கான்கிரீட் தளம் போட வேண்டும். குத்தகை எடுப்பவர்கள் சதுர அடிக்கு இவ்வளவு வெள்ளி என்று ஒரே வரியில் விலை சொல்கிறார்கள். ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதைப்போல் ஒன்றரை மடங்கு. அனுபவம் உள்ளவர்கள் கணக்கை விளக்கினால் நல்லது.

கட்டட ஒப்பந்த வேலை

தம்பி, சதுர அடி விலையில் தளத்தின் கனம், அதாவது தடிமன், தெரியாது. வித்தியாசம் அங்கேதான் ஒளிந்திருக்கும். உங்கள் இடம் 240 சதுர அடி. 4 அங்குலம் போட்டால் 80 கன அடி, 5 அங்குலம் போட்டால் 100 கன அடி. ஓர் அங்குலம் கூடினாலே கான்கிரீட் 25 சதவிகிதம் கூடிவிடுகிறது. சொந்தக் கார் நிற்க 4 அங்குலம் தாங்கும். கேஸ் லோரியோ சாமான் வேனோ உள்ளே ஏறுமென்றால் 5 போடுங்கள்.

100 கன அடி என்பது 2.83 கன மீட்டர். அதோடு நிறுத்தாதீர்கள். அடித்தளம் சராசரியாக அரை அங்குலம் பள்ளமாக இருந்தாலே 10 கன அடி கூடுதலாக விழுங்கும். தரையை நூல் பிடித்து மட்டம் செய்திருந்தால் ரெடிமிக்ஸ் (ஆலையில் கலந்து லோரியில் வரும் கான்கிரீட்) 3 கன மீட்டர் சொல்லுங்கள், இல்லையென்றால் 3.5. கடைசி மூலைக்குப் பத்தாமல் போனால் இன்னொரு லோரி வருவதற்குள் முதலில் ஊற்றியது இறுகிவிடும், அந்த ஒட்டில் பின்னால் வெடிப்பு நிச்சயம்.

அடுத்தது தோண்டும் வேலை. 5 அங்குலத் தளம், கீழே 4 அங்குலம் கிரஷர் ரன் (உடைத்த கல்லும் கல்தூளும் கலந்தது), மொத்தம் 9 அங்குலம் இறங்க வேண்டும். அது 180 கன அடி மண், தோண்டியதும் உப்பி 6 கன மீட்டரைத் தாண்டும். சின்ன லோரி ஒரே நடையில் கொண்டுபோகாது. பழைய சிமிந்தியை உடைத்து அள்ளுவது தனிக் கூலி. மலிவாக விலை சொன்னவர்களிடம் முதலில் இதைக் கேளுங்கள்: மண்ணும் உடைசலும் எங்கே போகிறது, யார் செலவில்?

ஹார்ட்வேர் கடைக் கணக்கு

அண்ணன் சொன்ன கிரஷர் ரன்னுக்கு ஒரு திருத்தம். 4 அங்குலம் என்பது அடித்து இறுக்கிய பிறகு உள்ள கனம். கொட்டும்போது 25 முதல் 30 சதவிகிதம் கூடுதலாக வேண்டும், அதாவது கிட்டத்தட்ட 3 கன மீட்டர், எடையில் ஏறக்குறைய 5 டன். அதிரும் தட்டு இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும். அதைச் செலவில் எழுதாதவர் காலால் மிதித்துவிட்டுப் போகப்போகிறார் என்றுதான் பொருள்.

கம்பி வலைக்கு உங்கள் அளவு வசதியானது. பி.ஆர்.சி. என்னும் பற்றவைத்த கம்பி வலைத் தாள் 6 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம். 12 அடி என்பது 3.66 மீட்டர். இரண்டு தாளைப் பக்கத்தில் போட்டு ஓர் அடி ஒன்றின்மேல் ஒன்று ஏற்றினாலும் அகலம் சரியாக இருக்கும், நீளத்தில் ஓரத்துக்கு 2 அங்குலம் விட்டால் 6 மீட்டர் போதும். ஏ6 என்பது 6 மில்லிமீட்டர் கம்பி, ஏ7 என்பது 7. எடையில் ஏ7 மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல், விலையும் அப்படியே நகரும். தாள் எண்ணிக்கையை மட்டும் எழுதி எந்த ரகம் என்று எழுதாத கொட்டேஷனைத் திருப்பிக் கொடுங்கள்.

வீட்டிலேயே கலப்பதென்றால் சிமிந்தி, மணல், கல் 1:2:4 விகிதத்தில் ஒரு கன மீட்டருக்கு 50 கிலோ சிமிந்தி மூட்டை ஆறரை போகும். 3 கன மீட்டருக்கு 20 மூட்டை, மணல் 1.35 கன மீட்டர், கல் 2.7 கன மீட்டர். ஈர மணல் உப்பிக் கிடக்கும், லோரியில் தெரியும் அளவு அத்தனையும் மணல் அல்ல. கால் பங்கு கூட்டி வாங்குங்கள்.

கொத்து வேலை, 25 வருஷம்

20 மூட்டையைக் கையால் கலக்க வேண்டாம். முதல் கலவைக்கும் கடைசிக் கலவைக்கும் தண்ணீர் ஒரே மாதிரி இருக்காது. ஒரு மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு, அதில் மணலில் ஏற்கெனவே உள்ள ஈரமும் சேர்த்தி. மதியம் ஆள் களைத்ததும் வாளி வாளியாக ஊற்றுவார்கள், கலவை சுலபமாக ஓடும், காய்ந்த பிறகு மேல்பகுதி சுண்ணாம்புப் பொடியாக உதிரும்.

ரெடிமிக்ஸில் ஜி25 என்னும் வலிமைத் தரம் கேளுங்கள். முழு லோரிக்குக் குறைவாக வாங்கினால் தனிக் கட்டணம் உண்டு. கன மீட்டருக்கு 300 வெள்ளி என்று வைத்தால் 3 கன மீட்டருக்கு 900 வெள்ளி, ஆனால் குறைசுமைக் கட்டணமும் காத்திருப்புக் கட்டணமும் சேர்ந்தால் வேறு தொகை. 300 என்பது கணக்குக்காகச் சொன்னது, உங்கள் ஊர் ஆலையில் விலை கேளுங்கள். இரண்டு அண்டை வீட்டுக்காரர்கள் ஒரே லோரியைப் பகிர்ந்து ஒரே நாளில் ஊற்றினால் குறைசுமைக் கட்டணம் குறையும். தோட்டத்துப் பழைய மதகும் லோங்காங் (சாக்கடை) மூடியும் பெரிய லோரியின் எடையைத் தாங்காது, சின்ன லோரி வருமா என்று முன்பே பேசுங்கள். லோரி தெருவிலேயே நின்றால் தள்ளுவண்டியில் 50 நடைக்கு மேல் போகும், நான்கு ஆளாவது வேண்டும்.

காலையிலேயே ஊற்றுங்கள். இங்கே மாலை மழையை நம்ப முடியாது, தார்ப்பாய் தயாராகக் கிடக்கட்டும். லோரிக்காரர் தரும் டெலிவரி சீட்டில் கலந்த நேரம் இருக்கும், அதைப் பாருங்கள். கலவை கெட்டியாக இருக்கிறதென்று தெருவில் தண்ணீர் ஊற்றச் சொல்லும் ஆளை அனுமதிக்கவே கூடாது.

தெலுக் இந்தான் பக்கத்தவர்

எங்கள் பக்கம் கரிமண்ணும் கடல் களிமண்ணும். அங்கே இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மண் இறங்கிக்கொண்டே இருக்கும், கான்கிரீட்டைக் கனமாக்கினால் பாரம்தான் கூடும். அப்படிப்பட்ட நிலத்தில் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வது வீண் செலவு அல்ல. சுங்கை சிப்புட்டிலும் பழைய ஈய லம்பம் (சுரங்கம்) மூடிய நிலம் என்றால் இதே கதைதான்.

கட்டட ஒப்பந்த வேலை

விடுபட்டவை சில. வீட்டுச் சுவரும் போர்ச் தூணும் தளத்தோடு ஒட்டக் கூடாது, நடுவே அரை அங்குலப் போலிஸ்டிரீன் (வெள்ளை நுரை) பட்டை வைக்க வேண்டும். ஒட்டினால் தளம் இறங்கும்போது சுவரையும் இழுக்கும். தெருப் பக்கம் 20 அடிக்கு 3 அங்குலம் சாய்வு வேண்டும். 20 அடிக்கு நடுவில் தளத்தின் குறுக்கே இயந்திரத்தால் ஒரு வெட்டு, ஆழம் ஒன்றேகால் அங்குலம், ஊற்றிய மறுநாள் காலைக்குள். தள்ளிப்போட்டால் கான்கிரீட் தானே இடம் பார்த்து வெடித்துக்கொள்ளும்.

கூரையும் போடுவதாக இருந்தால் கோலா கங்சார் நகராண்மைக் கழகத்தில் முதலில் கேளுங்கள், 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி திட்ட வரைவுக்கு அனுமதி வேண்டும். தோட்டத்து லைன் வீடு என்றால் நிலம் நிறுவனத்துடையது, நிர்வாகியிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு மண்வெட்டி மண்கூடத் தோண்ட வேண்டாம்.

கொத்து வேலை, 25 வருஷம்

கம்பியைப் பற்றி ஒன்று. மாடித் தளத்துக்குக் கம்பி கீழே வைத்துப் பழகியவர்கள் இங்கேயும் கீழேயே வைப்பார்கள். தரைத் தளத்தில் வெடிப்பு மேலிருந்து வருகிறது, வலை மேல்பாதியில் இருக்க வேண்டும். 5 அங்குலத்துக்கு மேலிருந்து 2 அங்குலம் இறக்கி வையுங்கள், ஒன்றேகால் அங்குல வெட்டும் கம்பியைத் தொடாது. அதற்கு 3 அங்குல உயரக் கான்கிரீட் கட்டைகள் 3 அடிக்கு ஒன்று, 35 முதல் 40 வரை வேண்டும். ஊற்றிக்கொண்டே கொக்கியால் தூக்கிவிடலாம் என்பார்கள், அடுத்த ஆள் மிதிக்கும்போது மறுபடி கீழே போய்விடும். கட்டையின் விலை மொத்தச் செலவில் மிகச் சிறியது, கொட்டேஷனில் அதற்குத் தனி வரி கேளுங்கள்.

ஊற்றிய பிறகு 7 நாள் ஈரச் சாக்கு போட்டு நனைத்துக்கொண்டே இருங்கள். காரை 10 நாளுக்குப் பிறகு ஏற்றலாம், சாமான் லோரியை 28 நாள் வரை வெளியிலேயே நிறுத்துங்கள்.