மறுமொழி: ‘விதை வங்கி’யா, ‘விதைக்கிடை’யா?

ஐயா, வணக்கம்.

> ‘மண் விதை வங்கி’ நன்றாகத்தானே புரிகிறது, புதுச்சொல் எதற்கு?

எங்கள் தருமபுரிப் பக்கம் விதை வங்கி என்றால் சாமையையும் கேழ்வரகையும் சாம்பல் கலந்து பானையில் வைத்திருக்கும் அறை. உழவர்கள் வாங்குவார்கள், அறுவடைக்குப் பின் திருப்பித் தருவார்கள். சுரங்கம் வெட்டிய நிலத்தில் காட்டை மீட்பவர்கள் சொல்வது வேறு: செடியும் மரமும் உதிர்த்து, மேல்மண்ணில் உயிரோடு கிடக்கும் விதை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கிரானைட் குவாரிக்குப் போயிருந்தேன். திட்ட அறிக்கையின் தமிழாக்கத்தில் ‘விதை வங்கியைப் பாதுகாக்க வேண்டும்’ என்று இருந்ததாம். மேற்பார்வையாளர் தகரக் கொட்டகை போட்டு, புங்கங்கொட்டை மூட்டைகளை அடுக்கிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருந்தார். மேல்மண்ணோ வெளியே இரண்டு ஆள் உயரத்துக்குக் குவிந்து ஆண்டுக்கணக்கில் வெந்துகொண்டிருந்தது.

அந்தக் குவியலின் அடியில் ஒரு படி மண், அன்று புதிதாகச் சுரண்டிய இடத்தில் மேலாக ஒரு படி. இரண்டையும் வீட்டில் தட்டுகளில் பரப்பித் தண்ணீர் தெளித்துவந்தேன். மூன்றாம் வாரம் புதுமண்ணில் ஆவாரையும் விராலியும் தலைகாட்டின, கூடவே நிறையப் புல். குவியல் மண்ணில் ஒரு பொட்டுப் பச்சை இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாரா என்னும் யூகலிப்டஸ் வகை மரக் காடுகளில் 1963 முதல் அலுமினியத் தாதுவான பாக்சைட் வெட்டுகிறார்கள். அங்கே மேல்மண்ணைக் குவித்துவைக்காமல் முடிந்தவரை உடனே வேறொரு குழியில் பரப்புவது இதனால்தான். விதையில் பெரும்பங்கு மேலே சில சென்டிமீட்டருக்குள்தான் இருக்கிறது.

ஆகவே ‘விதைக்கிடை’. கிடப்பதால் கிடை. ஆட்டுக்கிடை நினைவுக்கு வருமே என்பீர்கள், வரட்டும். வெள்வேல நெற்றைத் தின்ற ஆடு புழுக்கையோடு போட்ட விதையும் அந்த மண்ணில்தான் கிடக்கிறது. ‘விதைக்கிடங்கு’ மட்டும் வேண்டாம், மறுபடியும் பூட்டும் சாவியும் வந்துவிடும்.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. வேப்பவிதை சில மாதங்களில் உயிரை விட்டுவிடும், ஆவாரை விதை காத்திருக்கும். ஓராண்டுக்குள் முளைத்தோ செத்தோ போவதைக் ‘குறுங்கிடை’ எனலாம். அதைத் தாண்டிக் கிடப்பதற்கு ‘நெடுங்கிடை’ என்று எழுதிப் பார்த்தேன். நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுவதுபோல் ஒலிக்கிறதோ என்று ஐயம். தங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது?