68 வயது தந்தையின் மருத்துவக் காப்பீடு: பழைய பாலிசியைத் தொடர்வதா, கைவிடுவதா?

நொய்யல்:

என் தந்தைக்கு 68 வயது, தாய்க்கு 63 வயது. இருவருக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்கான மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி ஒன்று ஒன்பது ஆண்டுகளாக இடைவெளியின்றி நடந்து வருகிறது. தந்தைக்குச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு. பாலிசி எடுக்கும்போதே விண்ணப்பத்தில் இரண்டையும் எழுதியிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் 31,000 ரூபாயாக இருந்த பிரீமியம் இப்போது 49,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி நீக்கப்பட்டபோது சுமை குறையும் என்று எதிர்பார்த்தோம். ஆனால் கட்டணம் ஏறியதில் அந்த நிம்மதி கரைந்துவிட்டது.

வீட்டில் மூன்று யோசனைகள் பேசப்படுகின்றன. ஒரு நிறுவனத்தின் செயலியில் 10 லட்சம் ரூபாய்க்கான பாலிசி இதைவிடக் குறைந்த பிரீமியத்துக்குக் காட்டப்படுகிறது. என் அலுவலகக் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. தம்பியோ, பாலிசியே வேண்டாம், அந்தப் பணத்தை வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டு வரலாம் என்கிறான். புதுப்பிக்க இன்னும் இரண்டு மாதங்கள் உள்ளன. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பொன்னி:

காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் கையில் இருப்பவற்றுள் மிகவும் மதிப்புள்ளது அந்த ஒன்பது ஆண்டுகள்தான்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஒரு மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி 60 மாதங்கள் தொடர்ந்து நடந்துவிட்டால், அதன்பிறகு மோசடி நிரூபிக்கப்பட்டாலொழிய, நோயை மறைத்தார் என்றோ தவறான தகவல் தந்தார் என்றோ காரணம் காட்டி நிறுவனம் கோரிக்கையை நிராகரிக்க முடியாது. முன்பு இந்தக் காலம் எட்டு ஆண்டுகளாக இருந்தது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் (அந்நோய்களுக்கான செலவை நிறுவனம் ஏற்காத தொடக்க காலம்) உச்சவரம்பும் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. உங்கள் தந்தை இந்த இரண்டையும் கடந்து நிற்கிறார். செயலியில் தெரியும் பாலிசியைப் புதிதாக எடுத்தால் இரண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

இதன் அருமை ஒரு கோரிக்கை நிராகரிக்கப்படும்போதுதான் புரியும். நள்ளிரவில் அவசரப் பிரிவில் சேர்க்கும்போது பணி மருத்துவர், சர்க்கரை எத்தனை வருடமாக இருக்கிறது என்று கேட்பார். பதற்றத்தில் இருக்கும் மகனோ மருமகளோ "பத்துப் பதினைந்து வருடம் இருக்கும்" என்று சொல்வார்கள். அது நோயாளியின் பதிவேட்டில் ஏறி, டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அப்படியே வந்துவிடும். பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகளே ஆகியிருந்து, விண்ணப்பத்தில் சர்க்கரை நோய் இல்லை என்றோ அண்மையில் வந்தது என்றோ எழுதியிருந்தால், அந்த ஒரு வரியே நிராகரிப்புக்குப் போதுமான ஆதாரமாகிவிடும். முன்பெல்லாம் இத்தகைய முரண்பாட்டைக் கண்டுபிடிக்க ஒருவர் கோப்பு முழுவதையும் படிக்க வேண்டியிருந்தது; ஆவணங்கள் மின்வடிவில் வந்து, மென்பொருளே அவற்றை ஒப்பிடத் தொடங்கிவிட்டதால் இப்போது எதுவும் கண்ணுக்குத் தப்புவதில்லை. எனவே, ஐந்தாண்டுப் பாதுகாப்பு முன்பைவிட இப்போதுதான் அதிகம் தேவைப்படுகிறது.

குழுக் காப்பீடு நல்லதுதான், ஆனால் வேலை மாறும் நாளில் அது போய்விடும். அதைக் கூடுதல் பாதுகாப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வைப்பு நிதி யோசனையைப் பொறுத்தவரை, ஆண்டுக்கு 49,000 ரூபாய் சேர்ந்து ஒரு பைபாஸ் அறுவை சிகிச்சைக்குத் தேவையான தொகையாக வளரும் வரை நோய் காத்திருக்காது.

கொடிவேரி:

நான் ஒரு தனியார் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இருக்கிறேன். பொன்னி அம்மா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் பழைய பாலிசியை அப்படியே தொடர்ந்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. பழைய பாலிசிகள் பலவற்றில் அறை வாடகைக்கு வரம்பு இருக்கும், பெரும்பாலும் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம். உங்களுக்கு அது நாளொன்றுக்கு 5,000 ரூபாய்.

நாங்கள் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். வரம்பு 5,000 ரூபாயாக இருக்க, 8,000 ரூபாய் அறையில் நான்கு நாள் தங்கினால், வித்தியாசமான 12,000 ரூபாயை மட்டும் கட்டினால் போதும் என்றே குடும்பத்தினர் எண்ணுகிறார்கள். உண்மையில் அறுவை சிகிச்சை நிபுணர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில், அதாவது எட்டில் ஐந்து பங்குதான் ஏற்கப்படும். அவை 1,60,000 ரூபாயாக இருந்தால் 1,00,000 ரூபாய் மட்டுமே கிடைக்கும். 60,000 ரூபாய் உங்கள் பையிலிருந்து போகும். மருந்து, உடலில் பொருத்தும் சாதனங்கள், பரிசோதனைகள் ஆகியவற்றுக்கு இந்த விகிதக் கழிவு கூடாது என்று ஐஆர்டிஏஐ 2020இலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே பில்லில் அவற்றிலும் கைவைத்திருந்தால் கேள்வி கேளுங்கள்.

என் கருத்தில், பாலிசியை விட்டுவிட்டுப் புதிது எடுப்பதற்கும், போர்ட் செய்வதற்கும் (நடப்புப் பாலிசியை அதன் பலன்களோடு வேறு நிறுவனத்துக்கு மாற்றுவது) உள்ள வேறுபாட்டைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். புதுப்பிக்கும் நாளுக்கு 45 நாட்களுக்கு முன்பே விண்ணப்பித்துப் போர்ட் செய்தால், கடந்த ஆண்டுகளின் பலன் பழைய 5 லட்சம் வரை கூடவே வரும். கூடுதலாகச் சேர்க்கும் 5 லட்சத்துக்கு மட்டும் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். ஆனால் புதிய நிறுவனம் உங்களை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 68 வயதும் சர்க்கரை நோயும் சேர்ந்தால் மறுக்கவும் வாய்ப்புண்டு. அதனால் எழுத்துபூர்வமான ஒப்புதல் வரும்வரை பழைய பாலிசியில் கைவைக்காதீர்கள்.

வைகைக்கரை:

ஒரு எச்சரிக்கை மட்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் தரவுகள் 2024இல் டெலிகிராம் செயலியில் இயங்கும் பாட்கள் (தானியங்கிக் கணக்குகள்) வழியே கசிந்த செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். அண்மைக் காலமாகப் பாலிசி எண், புதுப்பிக்கும் தேதி ஆகியவற்றைச் சரியாகச் சொல்லி, கட்டிய ஜிஎஸ்டி தொகை திரும்பக் கிடைக்கும், போனஸ் நிலுவையில் இருக்கிறது என்று பெரியவர்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் வருகின்றன. விவரம் சரியாக இருக்கிறது என்பதாலேயே அழைப்பு உண்மையானது என்று நம்ப வேண்டாம். ஐஆர்டிஏஐ யாருக்கும் பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் வழங்குவதும் இல்லை. பிரீமியத்தை நிறுவனத்தின் இணையதளத்திலோ அலுவலகத்திலோ மட்டும் செலுத்துங்கள். அப்பாவிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

நொய்யல்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாலிசியை எடுத்துப் பார்த்தேன். அறை வாடகைக்கு 1 சதவீத வரம்பு உண்மையிலேயே இருக்கிறது. போர்ட் செய்ய இந்த வாரமே விண்ணப்பிக்கிறோம். ஒருவேளை மறுத்துவிட்டால் பிரீமியத்தைச் சமாளிக்க என்ன செய்யலாம்? மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று ஒரு விதி இருப்பதாகவும் கேள்விப்பட்டேன்.

பொன்னி:

60 வயதைக் கடந்தவர்களின் பிரீமியத்தை ஆணையத்தைக் கலந்தாலோசிக்காமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்ற உத்தரவு 2025 ஜனவரி 30 அன்று வந்தது. உங்கள் பிரீமியத்தில் வயது கூடியதால் ஏறியது எவ்வளவு, கட்டணத் திருத்தத்தால் ஏறியது எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டும்படி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். பதில் நிறைவளிக்காவிட்டால் முதலில் அவர்களின் குறைதீர் அலுவலரிடமும், பிறகு ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் முறையிடலாம். கோரிக்கை நிராகரிப்பு போன்ற தகராறுகளில், நிறுவனத்துக்கு எழுதி 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால் காப்பீட்டு குறைதீர்ப்பாளரை (இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன்) நாடலாம். சென்னையிலும் அலுவலகம் உண்டு, கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.

போர்ட் கிடைக்காவிட்டால், பழைய 5 லட்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு, 5 லட்சத்துக்கு மேற்பட்ட செலவுக்கு மட்டும் பொறுப்பேற்கும் சூப்பர் டாப்-அப் என்ற துணைப் பாலிசி கிடைக்குமா என்று பாருங்கள். கிடைத்தால் அதன் பிரீமியம் முழுப் பாலிசியைவிடப் பெரிதும் குறைவாக இருக்கும். தந்தைக்கு 70 வயது நிறைந்ததும், வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கும் ஆயுஷ்மான் பாரத் அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். நீங்கள் வழக்கமாகச் செல்லும் மருத்துவமனை அத்திட்டத்தில் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். இவற்றுள் எதைச் செய்தாலும், தேதி கடந்தபின் பிரீமியம் கட்ட அனுமதிக்கும் கருணைக் காலமான 30 நாட்களை நம்பிப் புதுப்பிக்கும் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம், ஏனெனில் அந்த இடைவெளியில் வரும் மருத்துவச் செலவுக்கு நிறுவனம் பணம் தர மறுக்கலாம்.