முள்ளு முருங்கை (கல்யாண முருங்கை) இலை வடை உப்பவே மாட்டேங்குது, எண்ணெய் குடிக்குது. உதவி பண்ணுங்க

செல்லூர்த் தங்கச்சி:
மூணு நாளா அடைமழை. பிள்ளைக ரெண்டுக்கும் மூக்கடைப்பு. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப எங்க தெருமுனையில ஒரு ஆத்தா பொழுது சாய அடுப்பு மூட்டி முள்ளு முருங்கை வடை சுடுவாங்க. பச்சைப்பசேல்னு பூரி மாதிரி உப்பி வரும், மேல இட்லிப் பொடி தூவித் தருவாங்க. அந்த நெனப்புல நேத்து செஞ்சு பார்த்தேன். ஒரு டம்ளர் பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவெச்சு, ரெண்டு கை இலை சேர்த்து மிக்ஸியில போட்டேன். இலை சுத்தவே இல்ல, அதனால தண்ணி ஊத்திக்கிட்டே போனேன். தோசை மாவு பதத்துக்கு வந்துருச்சு. அரிசி மாவைக் கொட்டிப் பிசைஞ்சு தட்டிப் போட்டேன். ஒண்ணுகூட உப்பல. பிழிஞ்சா எண்ணெய் சொட்டுது, ஆறுனா விறைச்சுப் போகுது. எங்க தப்பு?

மேலூர் அக்கா:
தண்ணிதாம்மா தப்பு. நல்லா கழுவி ரெண்டு மணி நேரம் ஊறவிடு, கூட ரெண்டு ஸ்பூன் உளுந்தும் போடு, வடை விறைக்காது. ஊறுனதும் தண்ணியைச் சுத்தமா வடிச்சிரு. இலையில நடு நரம்பைக் கிழிச்சு எடுத்துட்டுப் பொடிசா நறுக்கு, அப்பத்தான் மிக்ஸி சுத்தும். முதல்ல அரிசியைப் பாதி அரைச்சுக்கிட்டு அப்புறம் இலையைப் போடு. இலையிலயே ஈரம் இருக்கு, மிக்ஸி நின்னா மட்டும் ஒரு கரண்டி தண்ணி தெளி. நைசா அரையணும். குருணை கெடந்தா தட்டும்போது ஓரம் வெடிக்கும், அந்த வழியா ஆவி போயிரும், பிறகு எப்படி உப்பும்? மாவு சப்பாத்தி மாவைவிட கொஞ்சம் இளக்கமா, கையில ஒட்டாம இருக்கணும். அரிசி மாவு ஒரு ஸ்பூனுக்கு மேல வேண்டாம்.

திருமங்கலம் டீக்கடை அண்ணன்:
அக்கா சொன்னது சரி. எண்ணெயையும் பாரும்மா. சிட்டிகை மாவு போட்டா உடனே மேல வரணும். காயாத எண்ணெயில போட்டா மேல்தோல் இறுகாது, உள்ள ஆவி சேராது, எண்ணெயைத்தான் குடிக்கும். எண்ணெய் தடவின வாழை இலையில ஒரே கனமா தட்டு, நடுவுல ஓட்டை வேண்டாம், இது உளுந்தவடை இல்ல. சட்டியில ஒவ்வொண்ணாப் போட்டு, மேல வந்ததும் கரண்டியால எண்ணெயை அள்ளி அள்ளி ஊத்து. சிவக்க விடாத, பச்சை நிறத்தோடயே சலசலப்பு அடங்குனதும் எடுத்துரு.

அழகர்கோவில் ரோட்டுக்காரர்:
இலை எங்க பறிச்சீங்க தங்கச்சி? இந்த மரத்துல ஒரு குட்டிக் குளவி முட்டையிட்டு, இலையும் காம்பும் முடிச்சு முடிச்சா வீங்கிச் சுருண்டுபோகுது. அதை ஒதுக்கிருங்க, அரையவே அரையாது. மூணு மூணா விரிஞ்ச தளிருக்கு அடுத்த இலையாப் பறிங்க. முத்தல்னா நார்தான் மிஞ்சும். கிளையில முள் இருக்கும், கை பத்திரம்.

மேலூர் அக்கா:
மிளகும் சீரகமும் ஒண்ணுரெண்டாப் பொடிச்சு மாவுலயே சேத்துக்கோ, சளிக்கு இதமா இருக்கும். ஆனா பிள்ளைக்கு மூச்சு இழுத்தா வடையை நம்பி உக்காந்திராத, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ.

செல்லூர்த் தங்கச்சி:
அக்கா, அண்ணே, உப்பிருச்சு! முதல் ரெண்டு தட்டையாத்தான் வந்துச்சு, எண்ணெய் காயல. மூணாவது பந்து மாதிரி எழும்புனதும் சின்னவன் கைதட்டிட்டான். இலையில பாதி சுருட்டலா இருந்துச்சு, தூரப் போட்டுட்டேன். மூக்கடைப்புதான், மூச்சு இழுப்பு இல்லக்கா. ஒரே ஒரு சந்தேகம்: மிச்ச மாவை நாளைக்கு வெச்சுக்கலாமா?

மேலூர் அக்கா:
வேண்டாம்மா, புளிச்சிரும், நிறமும் கருத்துப் போகும். இன்னைக்கே சுட்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் குடு.