மாணவர்களையே கேள்வி எழுத வைத்தவர்கள், எழுதியவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நர்சிங் மாணவர்களுக்கு மருந்தியல் எடுக்கிறேன். போன பருவத்தில் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஆளுக்கொரு எம்சிக்யூ (கொடுத்த விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி) எழுதி வரச் சொன்னேன். முதல் வாரம் வந்ததெல்லாம் ‘டிஜாக்சின் எந்த வகை மருந்து?’ ரகம். தவறான விடைகள் ஒப்புக்குப் போட்டவை. பாடம் படிக்காதவர்கூடத் தள்ளிவிடலாம்.

பிறகு ஒரு விதி வைத்தேன். தவறான ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும், ‘இதை ஒருவர் என்ன நினைத்துத் தேர்ந்தெடுப்பார்?’ என்று ஒரு வரி எழுத வேண்டும். அதிலிருந்துதான் வகுப்பு சூடுபிடித்தது.

ஒரு மாணவியின் கேள்வி: இதய மருந்தான டிஜாக்சினும், சிறுநீரை அதிகம் போகவைக்கும் ஃபியூரோசமைடும் எடுத்துவரும் நோயாளிக்குக் குமட்டல், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது. ரத்தத்தில் எந்த மாற்றம் இதற்கு வழிவிட்டிருக்கும்? அவள் குறித்த விடை பொட்டாசியம் குறைவு. தவறானவற்றில் ஒன்று மக்னீசியம் குறைவு. உடனே ஒரு மாணவன், “ஃபியூரோசமைட் மக்னீசியத்தையும்தானே வெளியேத்தும்? அது குறைஞ்சாலும் டிஜாக்சின் நச்சாகுமே மேடம்” என்றான். சரிதான். அதை எடுத்துவிட்டு ‘பொட்டாசியம் அதிகம்’ என்று மாற்றினாள். அதற்கும் வாதம்: டிஜாக்சினை ஒரேயடியாக அளவுக்கு மீறி விழுங்கினால், செல்லின் சோடியம்-பொட்டாசியம் பம்ப் தடைபட்டு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுமே! எது காரணம், எது விளைவு என்று அவர்களே பிரித்து முடிக்க 40 நிமிடம் ஆனது. மனம் நிறைந்து வெளியே வந்தேன்.

—

நான் பார்மசி மாணவன். எங்களுக்குப் பியர்வைஸ் என்ற இணையதளத்தைக் கொடுத்தார்கள். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பால் டென்னி உருவாக்கியது. கேள்வி எழுதுவது, விடையளிப்பது, மதிப்பிடுவது எல்லாம் மாணவர்கள்தான். மதிப்பெண் உண்டு என்பதால் கடைசி வாரத்தில் கேள்விகள் வந்து குவிந்தன. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினுக்கு முறிமருந்து வைட்டமின் கே என்று ஒருவர் குறித்திருந்தார். அது அதே வேலையைச் செய்யும் வார்ஃபரின் என்ற வேறு மருந்துக்கு, ஹெப்பாரினுக்குப் புரோட்டமின் சல்ஃபேட். பலர் அந்தக் கேள்விக்கு நல்ல மதிப்பீடும் போட்டிருந்தார்கள். நான் கவனித்துச் சொன்னபோது தேர்வுக்கு 2 நாள்தான் இருந்தது. எத்தனை பேர் அப்படியே படித்துவிட்டுப் போனார்களோ! ஆசிரியர் ஒருமுறையாவது பார்க்காமல் கேள்விகளைப் பொதுவில் விடாதீர்கள், தயவுசெய்து.

—

பிசியோதெரபி கற்பிக்கிறேன். மாணவர்கள் ஜோடியாகக் கேள்வியை மாற்றிக்கொள்வார்கள். விடைகளைக் கையால் மறைத்துவிட்டு, கேள்வியை மட்டும் படித்துப் பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் எழுதியவரிடமே திரும்பிப் போகும். ‘மேற்கண்ட அனைத்தும்’ அறவே கிடையாது. என்னிடம் வரும் முன்பே பாதிப் பிழைகள் இதில் கழிந்துவிடுகின்றன.

ஆனால் நர்சிங் ஆசிரியர் சொன்ன அந்த ஒரு வரி விதி எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த வாரம் தோள்பட்டைப் பாடம். உறைந்த தோளில் நாம் பிடித்து அசைத்தாலும் கை சுழலாது. தசைநார் கிழிந்திருந்தால் நோயாளியால் தூக்க முடியாதே தவிர, நாம் தூக்கினால் பெரும்பாலும் வந்துவிடும். இந்த இரண்டையும்தான் மாணவர்கள் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். அதிலேயே தொடங்குகிறேன்.