வேலையை விட்ட பிறகு "போட்டி கம்பெனியில் சேராதே" நோட்டீஸ்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வடசேரி
ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் வரும் அந்த நிபந்தனை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாகர்கோவில் கம்பெனியை விட்டு திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஒரு ஐ.டி. கம்பெனியில் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை, வீட்டுக்கு ரெஜிஸ்டர் தபால் வந்துவிட்டது. நான் காலை ரயிலில் வேலைக்குப் போயிருந்தேன். மாவு அரைத்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே வந்து கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். இரவு வந்து பார்த்தால் உறையின் மூலையில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. உள்ளே 'மூன்று லட்சம் நஷ்டஈடு' என்ற வரிக்கு அடியில் அப்பா பென்சிலால் கோடு போட்டிருந்தார். "மக்களே, அங்கயிருந்து எதையாவது எடுத்துட்டு வந்துட்டியா?" என்று கேட்டார். என்னைத் திருடனாக நினைத்துவிட்டாரே என்பது இன்றும் உறுத்துகிறது. வக்கீல் ஒரு பக்கத்தில் பதில் அனுப்பினார். இரண்டு வருடமாக அங்கிருந்து சத்தமே இல்லை.

குழித்துறை
நான் மார்த்தாண்டத்தில் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுத்தேன். விலகினால் இரண்டு வருடம் 15 கிலோமீட்டருக்குள் பாடம் எடுக்கக் கூடாதாம். கருங்கல், குலசேகரம், களியக்காவிளை எல்லாம் அதற்குள் வந்துவிடும், பிறகு எங்கே போவது? ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளையும் வாங்கி வைத்திருந்தார்கள். கேட்கப் போன அன்று உரிமையாளர் பேசிக்கொண்டே டீ கிளாஸை என் ஃபைல் மேல் வைத்தார். என் எம்.எஸ்சி. அதற்குள் இருக்கிறது, நான் கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றேன். எஸ்.பி. ஆபீசில் மனு கொடுப்போம் என்று சித்தப்பா சொன்ன பிறகுதான் திருப்பித் தந்தார். அந்த வட்டக் கறை அட்டையில் இன்னும் இருக்கிறது.

திங்கள்நகர்
வடசேரி தம்பி, வக்கீலுக்குக் கொடுத்த காசு வீண். எனக்கும் இப்படி ஒரு நோட்டீஸ் வந்தது, பதிலே போடவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவைப் படியுங்கள். ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம், அந்தத் தடையைப் பொறுத்தவரை செல்லாது. தொழிலை அதன் 'குட்வில்'லோடு, அதாவது சம்பாதித்த நற்பெயரோடு சேர்த்து விற்றவருக்கு மட்டும்தான் விதிவிலக்கு. வேலையில் இருக்கும்போது வேறு இடத்தில் வேலை செய்யாதே என்றால் அது நிற்கும், விலகிய பிறகு நிற்காது. 2006-இல் கிரிக்கெட் வீரர் ஜாகிர் கான் வழக்கிலும் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு வரும் தடை செல்லாது என்றுதான் சொன்னது. ஆனால் பாண்ட், அதாவது இத்தனை வருடம் வேலை பார்ப்பேன், இல்லையென்றால் பணம் கட்டுவேன் என்று எழுதிக் கொடுப்பது வேறு, அதை இதோடு குழப்பாதீர்கள். மூன்று வருடம் முடியும் முன்பே விலகியவரிடம் விஜயா வங்கி 2 லட்சம் வாங்கியது சரி என்று 2025-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாடிக்கையாளர் பட்டியல், புரோகிராம் கோடு எதையும் பென்டிரைவில் எடுத்துப் போகாதீர்கள். அதற்குத் தனியாக வழக்கு வரும். கம்பெனி மெயிலிலிருந்து சொந்த மெயிலுக்கு எதையும் அனுப்பாதீர்கள். ரிலீவிங் லெட்டர் கைக்கு வரும்வரை எங்கே சேரப்போகிறீர்கள் என்று யாரிடமும் மூச்சு விட வேண்டாம்.

தக்கலை
சட்டம் பேசும் அண்ணன் எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நான் பார்லர் வைத்திருக்கிறேன். த்ரெடிங்கில் நூல் பிடிப்பதிலிருந்து மணப்பெண் மேக்கப் வரை ஒரு பெண்ணுக்கு மூன்று வருடம் கற்றுக் கொடுத்தேன். முத்திரைத் தாளில் எழுதியும் வாங்கியிருந்தேன். எதிர் வரிசையிலேயே கடை போட்டாள். எழுதி வாங்கியது நிற்காது என்று வக்கீல் சொன்னதும் விட்டுவிட்டேன். ஒரு நாள் என்னுடைய பழைய கஸ்டமர் ஒருவர் அந்தக் கடையிலிருந்து இறங்கினார், என்னைப் பார்த்ததும் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அப்போது மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

குழித்துறை
அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்தப் பெண்ணும் பிழைக்க வேண்டுமே? மூன்று வருடம் உங்களிடம் வேலையும் பார்த்திருக்கிறாள் அல்லவா.

வடசேரி
திங்கள்நகர் அண்ணே, பிரிவு நம்பரெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. வக்கீல் அனுப்பிய பதிலின் நகலை வாங்கி இரண்டு தடவை படித்த பிறகுதான் தட்டைப் போடச் சொன்னார். அந்தக் காசு எனக்கு வீண் இல்லை.