அறுவைச் சிகிச்சைக்கு முன் மாவுச்சத்துப் பானம்: முழுப் பட்டினி அவசியமா?

கேள்வி: வைகைக்கரை

வணக்கம். என் அம்மாவுக்கு (வயது 61) பெருங்குடலில் உள்ள கட்டியை அகற்றும் அறுவைச் சிகிச்சை அடுத்த வாரம் நடக்க இருக்கிறது. அவருக்குச் சர்க்கரை நோய் இல்லை; இரத்த அழுத்தத்துக்கு மட்டும் மாத்திரை சாப்பிடுகிறார். முதல் நாள் இரவு பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று வார்டில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அன்றைய பட்டியலில் அவர் மூன்றாவதாக இருப்பதால், தியேட்டருக்குள் போவதற்கே பிற்பகல் ஆகிவிடும். பிரிட்டனில் இதே அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட என் சித்தி மகளுக்கு, அன்று காலையில் மாவுச்சத்துப் பானம் ஒன்றைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னார்களாம். இவற்றில் எது சரி? அந்தப் பானத்தை நாங்களே வாங்கி அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

மறுமொழி: மயக்கவியல் மருத்துவர்

மயக்க நிலையில் இருமலும் விழுங்கும் அனிச்சைச் செயலும் அடங்கிவிடுவதால், வயிற்றில் உள்ளது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும் என்பதே இந்தப் பட்டினிக்கான காரணம். பிரசவத்தின்போது மயக்க மருந்து பெற்ற தாய்மாருக்கு இவ்வாறு நேர்ந்ததை நியூயார்க்கின் மகப்பேறு மருத்துவர் கர்டிஸ் மெண்டல்சன் 1946இல் விரிவாக எழுதினார். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் திட உணவுக்கும் தண்ணீருக்கும் ஒரே தடை விதித்து, 'நள்ளிரவுக்குப் பின் எதுவும் கூடாது' என்று பழகிவிட்டதில் நியாயம் இல்லை. ஆரோக்கியமான வயிற்றிலிருந்து தண்ணீரில் பாதி அரை மணி நேரத்துக்குள் வெளியேறிவிடுகிறது. எதுவும் குடிக்காமல் இருந்தாலும் வயிறு தன் அமிலத்தைச் சுரந்துகொண்டேதான் இருக்கும்.

அமெரிக்க மயக்கவியல் சங்கம் 1999இலிருந்தே மயக்க மருந்துக்கு முன் தெளிந்த திரவங்களுக்கு (தண்ணீர் போன்றவை) 2 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, இலேசான உணவுக்கும் பிற பாலுக்கும் 6 என்று இடைவெளி வகுத்திருக்கிறது. மாவுச்சத்துப் பானமும் 2 மணி நேரத்துக்கு முன்புவரை குடிக்கத் தக்கதே என்று 2023இல் அதே சங்கம் சேர்த்துக் கூறியது.

அந்தப் பானம் பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற, எளிதில் கரையும் மாவுச்சத்து கலந்த நீர். வழக்கமான முறையில் முதல் நாள் இரவு 800 மில்லி, காலையில் 2 மணி நேரத்துக்கு முன் 400 மில்லி தருவார்கள். 400 மில்லியில் ஏறக்குறைய 50 கிராம் மாவுச்சத்து இருக்கும். இரவு முழுவதும் பட்டினி கிடந்த உடலை விட, உணவு கண்ட உடல் அறுவையின் பாதிப்பைத் தாங்கும்போது இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினுக்கு நன்றாக இணங்குகிறது என்பதை ஸ்வீடனின் ஒல்லே யுங்க்விஸ்ட் குழுவினர் 1990களில் காட்டினார்கள். பசியும் தாகமும் பதற்றமும் குறைவதை நோயாளிகளே சொல்கிறார்கள்.

இருப்பினும், பலனைப் பெரிதுபடுத்தக் கூடாது. 27 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2014ஆம் ஆண்டு மதிப்பாய்வில், பட்டினி கிடந்தவர்களோடு ஒப்பிட்டபோது மருத்துவமனை நாட்கள் சற்றுக் குறைந்தன. மாவுச்சத்து இல்லாத போலிப் பானம் குடித்தவர்களோடு ஒப்பிட்டபோது அந்த வேறுபாடு தெளிவாக இல்லை. சிக்கல்களும் குறையவில்லை. 2018இல் வெளியான இத்தாலிய ஆய்வில், பெரிய வயிற்று அறுவைக்கு உட்பட்ட 662 பேரில், பானம் குடித்தவர்களுக்கும் வெறும் தண்ணீர் குடித்தவர்களுக்கும் நோய்த்தொற்று ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. பின்னர் இன்சுலின் தேவைப்பட்டவர்கள் மட்டும் முதல் பிரிவில் குறைவு. எனவே என் கருத்தில், பானம் கிடைக்கிறதா என்று அலைவதை விட, அம்மாவுக்குக் காலையில் தண்ணீராவது தரப்படுகிறதா என்பதே முதலில் கேட்க வேண்டியது.

ஒன்றை மறக்க வேண்டாம்: கட்டியால் குடலில் அடைப்பு இருந்தாலோ, வாந்தி, வயிறு உப்பல் இருந்தாலோ இந்தக் கால அளவுகள் எதுவும் பொருந்தாது. நீங்களாக எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

மறுமொழி: வார்டு செவிலியர்

வார்டில் இருப்பவர்கள் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பட்டியலின் வரிசை காலையில் திடீரென மாறும். மூன்றாவது ஆளை முதலில் அழைப்பார்கள், அவர் அப்போதுதான் குடித்திருந்தால் தள்ளிப்போட வேண்டியிருக்கும். 'தண்ணீர் குடிக்கலாம்' என்று சொன்னால், உடன் இருப்பவர் பாசத்தில் பால் காப்பியோ கஞ்சியோ கொடுத்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். தெளிந்த திரவம் என்றால், கண்ணாடித் தம்ளரில் ஊற்றி அதன் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து படிக்கத் தெரிய வேண்டும். பால் கலந்த எதுவும், வடிகஞ்சியும் இதில் தேறாது. பால் சேர்க்காத கடுங்காப்பி தேறும். மயக்க மருத்துவர் 'காலை இத்தனை மணி வரை தண்ணீர்' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டால், எந்த ஷிப்டில் யார் இருந்தாலும் அதன்படியே செய்வோம்.

மறுமொழி: நெல்லைச்சீமை

என் அப்பாவுக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறார். இந்தப் பானம் அவருக்கும் ஆகுமா?

மறுமொழி: மயக்கவியல் மருத்துவர்

நெல்லைச்சீமை அவர்களுக்கு: நீண்ட காலச் சர்க்கரை நோயில் சிலருக்கு இரைப்பை மெதுவாகக் காலியாகும், இன்சுலின் போடுபவர்களைப் பெரும்பாலான ஆய்வுகள் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. எனவே அவருக்கு இந்தப் பானத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டியலில் அவரை முதல் ஆளாக வைக்கும்படி கேளுங்கள். சர்க்கரைக்கும் எடைக் குறைப்புக்கும் தரப்படும் செமாகுளூடைட் போன்ற ஊசி போடுபவராக இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதுவும் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும்.

மறுமொழி: வைகைக்கரை

மிக்க நன்றி. வியாழக்கிழமை மயக்க மருத்துவரின் முன்பரிசோதனைக்கு அம்மாவை அழைத்துச் செல்கிறோம். அடைப்பு இருக்கிறதா, தண்ணீர் எத்தனை மணி வரை, அழுத்த மாத்திரையை அன்று காலை ஒரு வாய்த் தண்ணீரில் போடலாமா என்று மூன்றையும் கேட்டு, அவர் சொல்வதைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்கிறேன்.