சின்னக் கைக்கு எந்த பாலிமர் பிஸ்டல்? கிளாக் 19-ல் டிரிக்கர் சரியாக எட்டவில்லை

ஃபிரிஸ்கோ_யாழினி

எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே இருக்கிறோம். போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. கூட வேலை பார்க்கும் தோழி ஒருத்தி மார்ச்சில் என்னைத் துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கூட்டிப் போனாள். அன்றிலிருந்து இதுவரை ஏழு சனிக்கிழமை போய்விட்டேன். மூச்சை நிதானமாக்கி, முன்சைட்டை மட்டும் பார்த்துக்கொண்டு டிரிக்கரை மெதுவாக அழுத்தும் அந்த நேரத்தில் வேறு எந்த நினைப்பும் வருவதில்லை. அது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். ரேஞ்சுக்கும் வீட்டுக்கும்தான், இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போகிற எண்ணம் இல்லை.

பிரச்சினை என் கை. மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை 16.5 செ.மீ.தான். ரேஞ்சில் வாடகைக்குத் தருவது கிளாக் 19. பிடியைச் சரியாகப் பிடித்தால் ஆள்காட்டி விரலின் நுனி மட்டும்தான் டிரிக்கரைத் தொடுகிறது. விரலை இன்னும் உள்ளே கொண்டுபோக வேண்டுமென்றால் பிடியைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்ப வேண்டியிருக்கிறது. அப்போது ரீகாயில், அதாவது சுடும்போது வரும் பின்னுதை, முழுவதும் கட்டை விரல் அடிமூட்டில் வந்து இடிக்கிறது. ஐம்பது தோட்டா முடிவதற்குள் அந்த இடம் வலிக்கத் தொடங்கிவிடுகிறது. 7 கெஜத்தில் சுட்டால் துளைகள் எல்லாம் நடுவிலிருந்து நாலு அங்குலம் இடப்பக்கம் போய்க் கூட்டமாக நிற்கின்றன.

ஒரு கடையில் கேட்டேன். விற்பனையாளர் என் கையைப் பார்த்ததும், "பெண்களுக்கு இதுதான்" என்று சட்டைப்பைக்குள் அடங்குகிற ஒரு குட்டி .380 ரகத் துப்பாக்கியை எடுத்து வைத்தார். ஸ்லைடை, அதாவது பின்னால் இழுக்கும் மேல்பகுதியை, அசைக்கவே முடியவில்லை. அதே மாதிரியைத் தோழியின் அண்ணன் வைத்திருந்தார், ரேஞ்சில் அதில் ஐந்து தோட்டா சுட்டுப் பார்த்தேன். உள்ளங்கை எரிந்தது, ஆறாவதை நான் போடவில்லை.

600 டாலர் வரை செலவு செய்யலாம். சின்னக் கைக்கு ஏற்ற துப்பாக்கி என்று ஒன்று இருக்கிறதா, இல்லை கிளாக்கையே வாங்கிக் கையைப் பழக்கிக்கொள்ள வேண்டுமா? மகனுக்கு ஏழு வயது, அதனால் பூட்டு விஷயத்திலும் ஆலோசனை சொல்லுங்கள்.

ஹூஸ்டன்_மீனாட்சி

யாழினி, கையைத் துப்பாக்கிக்குப் பழக்காதே அம்மா. நான் அதைத்தான் செய்தேன். எனக்கு உயரம் 5 அடி 1, கை உன்னுடையதைவிட அரை சென்டிமீட்டர் குறைவு. 2014-ல் எல்லோரும் நல்லது என்று சொன்ன ஒன்றை வாங்கி எட்டு மாதம் மல்லுக்கட்டினேன், கடைசியில் விற்றேன். துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. என் கைக்கு அது இல்லை, அவ்வளவுதான்.

கடையில் எதை எடுத்தாலும் முதலில் மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) கழற்று, ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டு, தோட்டா போய் நிற்கும் அறையைக் கண்ணால் பார், சுண்டு விரலால் தொட்டும் பார். விற்பவர் பார்த்துக் கொடுத்திருந்தாலும் நீயும் பார்க்க வேண்டும். குழல் எப்போதும் யாரும் இல்லாத பக்கம்.

அப்புறம் பிடி. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சவ்வு, பிடியின் பின்பக்கம் எவ்வளவு உயரம் போக முடியுமோ அவ்வளவு உயரத்தில் அழுந்த வேண்டும். குழலும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இந்த நிலையைக் கலைக்காமல், கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, விரலை டிரிக்கரில் வை. முதல் கணுவின் சதைப்பகுதி நடுவில் படுகிறதா? விரலுக்கும் துப்பாக்கியின் உடற்சட்டத்துக்கும் நடுவே கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறதா? தெரிந்தால் அது உன் கைக்கான துப்பாக்கி. தெரியாவிட்டால் எவ்வளவு பேர் புகழ்ந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடு. நுனியால் மட்டும் அழுத்தும்போது டிரிக்கர் நேராகப் பின்னால் வராமல் ஓரமாகத் தள்ளப்படும். வலக்கைக்காரர்களுக்குத் துளைகள் இடப்பக்கம் ஒதுங்க அடிக்கடி காரணம் இதுதான். உன் சைட்டை யாராவது நகர்த்தச் சொன்னால் கேட்காதே.

கிளாக் 19-ன் மேகசினில் 15 தோட்டா இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கும், அது பிடிக்குள்ளேயே போகிறது, அதனால் பிடி தடிமன். ஆனால் ஒன்று கேட்டுப் பார். 2010-ல் வந்த நான்காம் தலைமுறையிலிருந்து பின்பட்டையை, அதாவது பிடியின் பின்பக்கத்தில் மாட்டும் பட்டையை, மாற்றலாம். பட்டையே இல்லாமல் இருப்பதுதான் அதன் மிகச் சின்ன அளவு. ஒரு பட்டை 2 மி.மீ. கூட்டும், இன்னொன்று 4 மி.மீ. வாடகைத் துப்பாக்கியில் யாராவது பெரிய கைக்காரருக்காகப் பட்டையை மாட்டிவிட்டு அப்படியே விட்டிருக்கலாம். ஒரே ஒரு ஊசிதான், கழற்றச் சொல். 4 மி.மீ. கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும், உன் விரலுக்கு அது பெரிய தூரம்.

பாலிமரில், அதாவது உறுதியான பிளாஸ்டிக் சட்டத்தில், நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைத்த பெரிய நன்மையே இதுதான். உலோகச் சட்டத்தின் பின்பக்கத்தை மாற்றுவது எளிதல்ல. பாலிமர் சட்டத்தோடு முதலில் வந்தது ஹெக்லர் அண்ட் கோக்கின் விபி70, 1970-ல். 1982-ல் கிளாக் 17 ஆஸ்திரிய ராணுவத்துக்குப் போன பிறகுதான் உலகம் இதை நம்பியது. ஆனால் பின்பட்டையை மாற்றலாம் என்ற யோசனையை 1990-களின் கடைசியில் வால்தர் பி99 கொண்டுவந்தது. அதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

நீ பார்க்க வேண்டியவை: ஸ்மித் அண்ட் வெஸனின் எம் அண்ட் பி எம்2.0 காம்பாக்ட், பெட்டியிலேயே நாலு அளவு பிடி இருக்கும். ஹெக்லர் அண்ட் கோக்கின் விபி9-ல் பின்பக்கம் மூன்று, இடம் மூன்று, வலம் மூன்று, ஆக 27 விதமாகச் சேர்க்கலாம், ஆனால் விலை ஏறும். வால்தர் பிடிபி எஃப், 2022-ல் சின்னக் கைகளுக்கென்றே செய்தது, டிரிக்கர் பக்கத்தில் இருக்கும், ஸ்லைடும் இலகு. சிக் பி365 மெலிது, பத்துத் தோட்டா, இருந்தாலும் ரேஞ்சில் நூறு சுடுகிறவளுக்கு நான் அதை முதலில் சொல்ல மாட்டேன்.

அந்தக் குட்டித் துப்பாக்கி வலித்ததில் ஆச்சரியம் இல்லை. அந்த வகையில் பல 300 கிராம்கூட இருக்காது. கிளாக் 19 காலி மேகசினோடு சுமார் 670 கிராம். எடை குறைந்தால் உதை கைக்கு வந்துசேரும். ஸ்லைடு சின்னதாகவும் லேசாகவும் இருப்பதால் அதைத் தடுத்து நிறுத்தும் ஸ்பிரிங் கடினமாக இருக்கும், பிடிக்கவும் இடம் இருக்காது. சின்னக் கைக்கு வேண்டியது சின்னத் துப்பாக்கி இல்லை, டிரிக்கர் கிட்டே இருக்கிற துப்பாக்கி. இதைச் சொல்லாமல் எத்தனை பெண்களுக்கு அந்தக் குட்டியை விற்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஸ்லைடை விரல் நுனியால் கிள்ளி இழுக்காதே. துப்பாக்கியை நெஞ்சருகே கொண்டுவா, குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும், விரல் டிரிக்கருக்கு வெளியே. இடக்கையால் ஸ்லைடின் பின்பகுதியை முழுக் கையாலும் மேலிருந்து பிடி. பாட்டி மத்துக் கயிறு பிடித்துத் தயிர் கடைவதைப் பார்த்திருப்பாய், ஒரு கை பின்னே வரும்போது இன்னொரு கை முன்னே போகும். அதே போல வலக்கை பிடியை முன்னே தள்ள வேண்டும். பாதி வேலை அந்தத் தள்ளலில்தான். இதையும் செய்து பார்த்து முடியவில்லை என்றால் ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்ட் ஈஇசட் பார். அதில் தோட்டாவை வெடிக்க வைக்க உள்ளே சுத்தியல் இருக்கிறது, மற்றவற்றைப் போல ஸ்பிரிங்கால் முன்னே பாயும் ஸ்டிரைக்கர் ஊசி இல்லை, அதனால் ஸ்லைடு லேசாக வரும்.

இடதுகை_நெல்லையான்

மீனாட்சி அக்கா சொன்னதோடு ஒன்றே ஒன்று. கட்டை விரலால் மேகசினை விடுவிக்கும் பொத்தானை எட்ட முடிகிறதா என்றும் பாருங்கள் சகோதரி. சின்னக் கைக்குப் பலமுறை டிரிக்கர் எட்டும், பொத்தான் எட்டாது. மேகசின் மாற்றும் நேரத்தில் மட்டும் பிடியைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வது தவறில்லை, ரேஞ்சில் அவசரம் கிடையாதே.

எம்2.0-ன் பிடி உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. எனக்குப் பிடிக்கும். நூறு தோட்டாவுக்கு மேல் போனால் மெல்லிய தோலுக்கு உறுத்தலாம், வாடகைக்கு எடுத்துச் சுட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சான்_அன்டோனியோ_அரசு

சட்டப் பக்கம் கொஞ்சம், நம் ஆட்கள் தெரியாமல் மாட்டிக்கொள்வது இங்கேதான். கடையில் துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கான மத்திய அரசின் 4473 படிவம் நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். கைத்துப்பாக்கி என்றால் 21 வயது ஆகியிருக்க வேண்டும். குடியுரிமை உங்களுக்கு வந்துவிட்டது, கிரீன் கார்டு இருந்தாலும் வாங்கலாம். ஆனால் ஹெச்1பி, விசிட்டர் மாதிரியான விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கவே மத்திய சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. ஊரிலிருந்து வரும் தம்பியையோ மைத்துனரையோ ஆசைப்படுகிறார்கள் என்று ரேஞ்சுக்குக் கூட்டிப்போய்க் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

டெக்சாஸில் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டுவைப்பது குற்றம். விரலால் எண்ணை அழுத்தித் திறக்கும் எஃகுப் பெட்டி வாங்கி அலமாரியோடு திருகி விடுங்கள். உயரத்தில் ஒளித்து வைப்பது பூட்டு ஆகாது, ஏழு வயதுப் பையன் நாற்காலி போட்டு ஏறுவான்.

ரேஞ்சிலிருந்து வந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவி, உடை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். புகையில் ஈயம் இருக்கும். கழுத்து மூடிய சட்டை போடுங்கள், சூடான காலிக் கூடு உள்ளே விழுந்தால் துடித்துப்போய் கையை ஆட்டிவிடுவோம், அதுதான் ஆபத்து.

கிளாக்கைச் சுத்தம் செய்யப் பிரிக்கும்போது டிரிக்கரை ஒருமுறை அழுத்த வேண்டும். அதனால் அறை காலி என்று இரண்டு முறை பார்த்த பிறகே பிரிக்க வேண்டும். எம் அண்ட் பி-யிலும் விபி9-லும் அழுத்தாமலே பிரிக்கலாம்.

ஃபிரிஸ்கோ_யாழினி

அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. வாடகைக் கிளாக்கில் பெரிய பட்டை மாட்டியிருந்தார்கள். கேட்டதும் அங்கிருந்த பெண் ஊசியைத் தட்டிக் கழற்றித் தந்தாள். விரல் முதல் கணு நடுவுக்குக் கிட்டே வந்துவிட்டது, துளைகளும் நடுவை நோக்கி இரண்டு அங்குலம் நகர்ந்தன. இரண்டு மாதமாக என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே நாள் ஷீல்ட் ஈஇசட், பிடிபி எஃப், எம்2.0 காம்பாக்ட் மூன்றையும் எடுத்துச் சுட்டேன். ஈஇசட்தான் வாங்குவேன் என்று நினைத்துப் போனேன். ஆனால் மத்துக் கயிறு மாதிரி தள்ளப் பழகியதும் எல்லா ஸ்லைடும் வந்தது, கிளாக்கும்கூட. அந்த ஒரு காரணம் போனதும் ஈஇசட்டை எடுக்கத் தோன்றவில்லை. பிடிபி எஃப் கைக்கு மிக நன்றாக இருந்தது, டிரிக்கரும் அருமை, பட்ஜெட்டைத் தாண்டியது. எம்2.0-ல் மிகச் சின்னப் பிடியைப் போட்டதும் விரலுக்கும் சட்டத்துக்கும் நடுவே அக்கா சொன்ன அந்த வெளிச்சம் தெரிந்தது. எழுபது தோட்டா சுட்டேன், கட்டை விரல் மூட்டு வலிக்கவில்லை. சொரசொரப்பு உறுத்தத்தான் செய்கிறது நெல்லை அண்ணா, இருந்தாலும் ஈரக் கையில் வழுக்காமல் நின்றது, பழகிக்கொள்கிறேன்.

அரசு அண்ணா, டிசம்பரில் விசிட்டர் விசாவில் என் தம்பி வருகிறான், இப்போதே சொல்லிவிட்டேன். எஃகுப் பெட்டி நேற்று வந்தது, கணவர் அலமாரிக்குள் திருகி முடித்துவிட்டார். சனிக்கிழமை படிவம் நிரப்பப் போகிறேன்.